சிக்லிட் மீன்கள் உடலை உரசிக்கொள்வது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்லிட் என்பது நன்னீர் மீன்களின் ஒரு குடும்பம். அதில் ஆப்பிரிக்க ஏரி சிக்லிட், ஆஸ்கர், டிஸ்கஸ், ஏஞ்சல், ஃபிளவர்ஹார்ன் என எந்த வகையை வளர்ப்பவரும் ஒரு நாள் இதைப் பார்க்காமல் இருக்க மாட்டார்: நன்றாக நீந்திக்கொண்டிருந்த மீன் திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து, மணலிலோ கல்லிலோ வடிகட்டியின் குழாயிலோ உடலைத் தேய்த்துவிட்டு, விலாப்பக்கம் பளிச்சிட விலகிப் போகும். இதற்குக் காரணம் என்ன, எப்போது கவலைப்பட வேண்டும், என்ன செய்யலாம் என்ற கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. தண்ணீரைப் பற்றியவை முன்னாலும் மருந்தைப் பற்றியவை பின்னாலும் வருகின்றன. தொட்டியிலும் அதே வரிசையில் செயல்படுவது நல்லது.

எப்போதாவது ஒரு முறை உரசினால் கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். முழு நலத்துடன் இருக்கும் சிக்லிட்டும் நாளில் எப்போதோ ஒரு தடவை கல்லில் உரசிக்கொள்ளும். செவுளில் ஒரு மணல் துகள் சிக்கியிருக்கலாம். தோலில் ஏதோ ஒட்டியிருக்கலாம். ஒரே மீன் சில நிமிடங்களுக்குள் திரும்பத் திரும்ப உரசினாலோ, பல மீன்கள் ஒரே நாளில் உரசத் தொடங்கினாலோ கவனிக்க வேண்டும். உரசலோடு சேர்ந்து வேறு அறிகுறி இருக்கிறதா என்பதுதான் எண்ணிக்கையைவிட முக்கியம். துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வது, செவுள் மூடி வழக்கத்தைவிட வேகமாக அடிப்பது, ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைத்து மற்றதை மூடியே வைத்திருப்பது, வடிகட்டியிலிருந்து நீர் விழும் இடத்திலேயே நின்றுகொண்டிருப்பது, நிறம் மங்குவது, உணவை வாயில் எடுத்துத் துப்புவது ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் அன்றே காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.

உரசல் போலத் தோன்றினாலும் உரசல் அல்லாத நடத்தைகள் உண்டா?

நிறைய உண்டு. சிக்லிட் வளர்ப்பில் குழப்பம் அதிகமாக வருவதும் இங்கேதான், ஏனெனில் இந்தக் குடும்பத்து மீன்கள் தரையோடும் கல்லோடும் ஓயாத தொடர்பு வைத்திருப்பவை. மலாவி ஏரியின் பாறைவாழ் இனங்களான எம்புனா மீன்கள் கல்லில் படர்ந்த பாசியைச் சாய்ந்து நின்றும் தலைகீழாக நின்றும் கொறிக்கும். டாங்கனிக்கா ஏரியின் டிரோஃபியஸ் மீன்களும் அப்படித்தான். அதே ஏரியில் நத்தைக் கூடுகளில் குடியிருக்கும் சிறிய சிக்லிட்கள் உடலை நெளித்தும் வாயால் மணலை அள்ளியும் கூட்டைப் புதைக்கும். தென் அமெரிக்காவின் ஜியோஃபேகஸ் இனங்கள் மணலை வாய் நிறைய அள்ளிச் செவுள் வழியே சலித்து வெளியே விடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் பெண் மீனின் முன்னால் உடலைச் சாய்த்து நடுங்கிக் காட்டும். முட்டையிடப் போகும் இணை, தேர்ந்தெடுத்த கல்லை வாயால் சுரண்டிச் சுத்தம் செய்யும்.

இவற்றையெல்லாம் பிரித்தறிய ஒரு எளிய வழி, கல்லைத் தொடுவது எந்த உறுப்பு என்று பார்ப்பது. மேய்ச்சலிலும் தோண்டலிலும் வாய்தான் வேலை செய்யும். அரிப்பால் வரும் உரசலில் விலாவோ செவுள் மூடியோ கல்லில் படும். அசைவு ஒரு நொடியில், ஒரு வெட்டு வெட்டியது போல முடிந்துவிடும்.

மீனுக்கு அரிப்பு எப்படி உண்டாகிறது?

மீனின் தோலுக்கு மேல் வழுவழுப்பான ஒரு படலம் இருக்கிறது. கிருமிகளைத் தடுப்பது, உடலுக்குள் நீரும் உப்பும் கட்டுமீறிப் போய்வராமல் காப்பது, உராய்வைக் குறைப்பது ஆகிய மூன்றும் அதன் வேலைகள். செவுளின் மெல்லிய இதழ்களும் அதே போன்ற படலத்தால் மூடப்பட்டவை. ஒட்டுண்ணி கடித்தாலும், நீரில் அம்மோனியாவோ குளோரினோ இருந்தாலும், நீரின் அமிலத்தன்மை சட்டென்று மாறினாலும் இந்தப் படலம் தூண்டப்பட்டு அதிகமாகச் சுரக்கும். தேய்த்து ஆற்றிக்கொள்ளக் கல்லைத் தவிர மீனுக்கு வேறு வழி கிடையாது. ஆகவே எரிச்சலூட்டும் பொருள் எதுவாக இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான். உரசலை மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

நீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (நீரின் அமில, கார அளவு), கார்பனேட் கடினத்தன்மை (பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் உப்புகளின் அளவு), வெப்பநிலை ஆகிய ஆறையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். துளித்துளியாக விட்டு நிறம் பார்க்கும் திரவக் கிட், காகிதப் பட்டையைவிட நம்பகமானது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. டிஸ்கஸ் தொட்டியில் அதன் பாதிக்கும் கீழே வைத்துக்கொள்வது மேல். வெப்பமானி தவறிப்போவதும் ஹீட்டர் நின்றுபோவதும் அரிதல்ல என்பதால், இரண்டையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

சோதனையில் ஏதாவது தவறாகத் தெரிந்தால், தொட்டியில் உள்ள அதே வெப்பநிலையில் குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொண்டு கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றிவிட்டு, ஒரு நாள் கவனிக்கலாம். அப்போதே உரசல் பாதியாகக் குறைந்தால் காரணம் பெரும்பாலும் நீர்தான். உரசலைக் கண்டவுடன் கையில் இருக்கும் மருந்தை ஊற்றும் வழக்கத்தால் சாகும் மீன்கள், ஒட்டுண்ணியால் சாகும் மீன்களுக்குக் குறைந்தவை அல்ல என்பது என் கணிப்பு. ஏற்கெனவே அம்மோனியாவில் தவிக்கும் செவுளுக்கு மருந்து இன்னொரு சுமை.

சோதனையில் அம்மோனியா சிறிதளவுதான் தெரிகிறது. அது காரணமாக முடியுமா?

சிக்லிட் தொட்டியில் நிச்சயமாக முடியும். கிட் காட்டும் எண், நீரில் உள்ள மொத்த அம்மோனியாவின் அளவு. அதில் ஒரு பகுதி நச்சு குறைந்த அம்மோனியம் அயனி. இன்னொரு பகுதி செவுளைச் சுடும் அம்மோனியா. எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி செல்சியஸில், பிஎச் 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 விழுக்காடுதான் நச்சு வடிவம். பிஎச் 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பிஎச் 8.5 ஆனால் சுமார் 15 விழுக்காடு.

இதைத் தொட்டியில் வைத்துப் பாருங்கள். மொத்த அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று கிட் காட்டுகிறது. பிஎச் 6.5 உள்ள டிஸ்கஸ் தொட்டியில் அந்த எண் எச்சரிக்கைதான், ஆனால் மீன் உடனே துடிக்காது. பிஎச் 8.5 உள்ள டாங்கனிக்கா தொட்டியில் அதே எண்ணின் பொருள், லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் நச்சு அம்மோனியா. லிட்டருக்கு 0.02 முதல் 0.05 மில்லிகிராம் வரையிலேயே செவுள் பாதிக்கத் தொடங்கும். ஆகவே ஏரி சிக்லிட் வளர்ப்பவர், மற்றவர் பெரிதுபடுத்தாத 0.25 என்ற அளவைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது.

அம்மோனியா ஏறக் காரணங்கள் பழகியவைதான்: வடிகட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் முழுமையாக வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதைப் பொறுக்காமல் புதுத் தொட்டியில் நிறைய மீன் விடுவது, தேவைக்கு மேல் உணவு போடுவது, கல் இடுக்கில் செத்துக் கிடக்கும் மீனைக் கவனிக்காமல் விடுவது, வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் பிழிந்து அலசுவது. பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். அம்மோனியா ஏறியிருக்கும் நாட்களில் உணவை நிறுத்தி வைத்தால் வளர்ந்த சிக்லிட் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும். கெடுதல் ஒன்றும் வராது.

தண்ணீர் மாற்றும் நாளில் மட்டும் மீன்கள் உரசுகின்றன. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் குளோரின்தான் விடை. குடிநீர் விநியோகத்தில் சேர்க்கப்படும் குளோரினின் அளவு நாளுக்கு நாள் மாறும். மழைக்காலத்தில் கூடுவதும் உண்டு. நேற்றுவரை பிரச்சினை தராத குழாய் நீர் இன்று தரலாம். குளோரின் மட்டும் என்றால், தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஏர் பம்ப் ஓட விட்டாலே அது காற்றோடு போய்விடும். சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாக, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் சேர்க்கப்படுகிறது; அது அவ்வளவு எளிதில் போகாது. சோடியம் தயோசல்ஃபேட் அடங்கிய குளோரின் நீக்கி, குளோரமினில் உள்ள குளோரினை முறித்துவிடும். ஆனால் அதில் கட்டுண்டிருந்த அம்மோனியா நீரில் தங்கிவிடும். முந்தைய பதிலில் சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால், பிஎச் 8.3 இல் இருக்கும் மலாவி தொட்டியில் மீன்கள் ஏன் தண்ணீர் மாற்றிய பிறகு துள்ளுகின்றன என்பது விளங்கும். குளோரமின் வரும் இடத்தில் இருப்பவர்கள், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் வகை நீக்கியைத்தான் வாங்க வேண்டும். அதன் அளவையும் மாற்றும் நீருக்கு மட்டும் கணக்கிடாமல், நீரைத் தொட்டிக்குள் நேரே ஊற்றுவதாக இருந்தால் தொட்டியின் மொத்தக் கொள்ளளவுக்குக் கணக்கிடுவது பாதுகாப்பு.

இன்னொரு காரணம், அழுத்தத்தில் வரும் குளிர்ந்த குழாய் நீரில் கரைந்திருக்கும் அதிகப்படியான காற்று. தொட்டியின் வெப்பத்துக்கு வந்ததும் அது நுண்குமிழ்களாகப் பிரிந்து கண்ணாடியிலும் மீனின் துடுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். குமிழ்கள் மிகுந்தால் மீன் உடலிலேயே பாதிப்பு வரும். நீரை வாளியில் பிடித்து, காற்றோட்டம் கொடுத்து, வெப்பநிலையைச் சமன்படுத்தி ஊற்றினால் குளோரின், குமிழ், வெப்ப அதிர்ச்சி ஆகிய மூன்றும் ஒரே வேலையில் தீரும்.

நீண்ட நாள் நன்றாக இருந்த பழைய தொட்டி. பெரிய அளவில் தண்ணீர் மாற்றியதும் எல்லா மீன்களும் உரசுகின்றனவே?

பல மாதம் சரியாகத் தண்ணீர் மாற்றாத தொட்டியில் கார்பனேட் கடினத்தன்மை மெல்லக் கரைந்து பிஎச் கீழே இறங்கியிருக்கும். இறங்கிய பிஎச்சில் வடிகட்டியின் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோய் அம்மோனியம் சேர்ந்திருக்கும். பிஎச் குறைவாக இருப்பதால் அது மீனை உறுத்தாது. அந்த நிலையில் பாதித் தண்ணீரை மாற்றினால் பிஎச் சட்டென்று ஏறி, சேர்ந்திருந்த அம்மோனியம் நச்சு வடிவத்துக்கு மாறும். இத்தகைய தொட்டியை நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஒன்றிரண்டு வாரம் மெதுவாகத்தான் மீட்க வேண்டும். மலாவி மீன்களுக்கு பிஎச் 7.8 முதல் 8.6 வரையும், டாங்கனிக்கா மீன்களுக்கு 8.5 முதல் 9 வரையும் பொருந்தும். பவளத் துண்டுகளையோ அரகோனைட் என்னும் சுண்ணாம்பு வகை மணலையோ வடிகட்டியில் வைத்தால் பிஎச் திடீரென்று இறங்குவது தடைபடும்.

மணலும் கல்லும் அரிப்புக்குக் காரணமாகுமா?

நேரடியாக அரிதாகவே ஆகும். சரியாகக் கழுவாத புது மணலின் தூசி ஓரிரு நாள் செவுளை உறுத்தலாம். கூரான எரிமலைக் கற்கள் அரிப்பை உண்டாக்காவிட்டாலும், வேறு காரணத்தால் உரசும் மீனின் செதிலைக் கிழித்துவிடும் என்பதால், அதிகம் உரசும் நாட்களில் அவற்றை எடுத்துவிடுவது நல்லது. ஆழமான மணலைத் தோண்டும் பெரிய சிக்லிட் தொட்டியில் அடிமணலில் தங்கிய கழிவைக் குழாய் வைத்து அவ்வப்போது உறிஞ்ச வேண்டும்.

தண்ணீர் எல்லா வகையிலும் சரியாக இருந்தும் உரசுகின்றன. அடுத்து என்ன?

அடுத்தது ஒட்டுண்ணி. கடந்த ஒரு மாதத்தில் புதிய மீன், செடி, மற்றொரு தொட்டியின் வலை, நீர்நிலையிலிருந்து பிடித்த உயிர் உணவு ஆகியவற்றில் ஏதாவது தொட்டிக்குள் வந்ததா என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். பின்பு அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளியை மீனின் பக்கவாட்டில் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும்.

உப்புத் தூவியது போல, ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட தனித்தனி வெண்புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். அதைவிட நுண்ணிய, பொன் தூள் பூசியது போன்ற படலம் தெரிந்தால் வெல்வெட் நோய். தோலில் சாம்பல் நிறத் திட்டுகளாக வழுவழுப்பு திரண்டு நின்றால் டிரைக்கோடினா, சைலோடோனெல்லா போன்ற ஒருசெல் உயிரிகளாக இருக்கலாம். வெளியே எதுவுமே தெரியாமல், உரசலும் வேகமான மூச்சும் ஒரு பக்கச் செவுள் மூடலும் மட்டும் இருந்தால் செவுள் புழுக்களைச் சந்தேகிக்க வேண்டும். பேன் போன்ற தட்டையான பூச்சியோ, நூல் போல் தொங்கும் புழுவோ கண்ணுக்கே தெரியும். குளத்து மீன்களோடு அவை வரும்.

நுண்ணோக்கி வாங்குவது பயன் தருமா?

ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. டிஸ்கஸ் போன்ற விலைமிக்க மீன்களைப் பல தொட்டிகளில் வளர்ப்பவருக்கு, மருந்துகளில் வீணாகும் பணத்தைவிட ஒரு எளிய நுண்ணோக்கி மலிவு. நூறு மடங்கு உருப்பெருக்கமே போதும். விலாவிலிருந்து கண்ணாடித் துண்டால் மெல்ல வழித்த வழுவழுப்பை ஒரு துளித் தொட்டி நீரில் வைத்து உடனே பார்க்க வேண்டும். வெண்புள்ளி உயிரி மெதுவாக உருளும். அதற்குள் குதிரை லாட வடிவக் கரு தெரியும். டிரைக்கோடினா பல்சக்கரம் போன்ற வட்டமாகச் சுழலும். புழுக்கள் கொக்கிகளால் பற்றிக்கொண்டு நீண்டு சுருங்கும். அவற்றுள் தலையில் நான்கு கண்புள்ளிகள் இருப்பது முட்டையிடும் செவுள் புழு, கண்புள்ளி இல்லாமல் வயிற்றில் குட்டி தெரிவது தோல் புழு.

வெண்புள்ளி நோய்க்கு என்ன செய்வது?

இக்தியோப்திரியஸ் என்னும் இந்த உயிரியின் வாழ்க்கைச் சுழற்சியைப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் பாதி முடிந்தது. கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் இருந்து தின்று வளரும் நிலை. அங்கே மருந்து எட்டாது. முதிர்ந்ததும் அது வெளியேறித் தரையில் படிந்து ஒரு கூட்டுக்குள் சில நூறு முதல் ஆயிரம் வரையிலான குஞ்சுகளாகப் பிரியும். அவை வெளிவந்து நீந்தி ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் இறந்துவிடும். உப்பும் மருந்தும் கொல்வது நீந்தும் இந்தக் குஞ்சுகளை மட்டுமே. வெதுவெதுப்பான நீரில் முழுச் சுழற்சியும் ஒரு வாரத்துக்குள் முடியும். குளிர்ந்த நீரில் பல வாரம் இழுக்கும்.

ஆகவே வெப்பநிலையைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 28 முதல் 30 டிகிரி வரை உயர்த்துவது, உயிரியை வேகமாக மருந்துக்கு வெளிக்காட்டும் உத்தி. டிஸ்கஸ் அந்த வெப்பத்திலேயே வாழும் மீன். மலாவி மீன்கள் இரண்டு வாரம் தாங்கும். டாங்கனிக்கா மீன்களுக்கு 28 டிகிரிக்கு மேல் போகாமல் மருந்தையோ உப்பையோ சார்ந்திருப்பது நல்லது. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். செவுளில் ஒட்டுண்ணி இருக்கும் மீனுக்கு அந்தக் குறைவும் பெரிது என்பதால், கூடுதல் ஏர் ஸ்டோன் இல்லாமல் வெப்பத்தை ஏற்றக் கூடாது.

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர வேண்டும். புள்ளிகள் மறைந்ததைக் கண்டு மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதுதான் நோய் இருமடங்காகத் திரும்பி வர முதற்காரணம்.

உப்பு எவ்வளவு போடலாம்? ஏரி சிக்லிட்களுக்கு உப்பு எப்போதும் தேவைதானே?

இரண்டாவது கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். ஆப்பிரிக்க ஏரிகளின் நீர் கடினமாக இருப்பதற்குக் காரணம் பைகார்பனேட், கார்பனேட், மெக்னீசியம், கால்சியம் போன்றவை. அந்தக் கடினத்தன்மையைச் சமையல் உப்பு தராது. ஆகவே நோய் இல்லாதபோது உப்பைத் தொடர்ந்து போட்டுவர வேண்டிய தேவை இல்லை.

வெண்புள்ளி நோய்க்கும் சில ஒருசெல் ஒட்டுண்ணிகளுக்கும் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை, அயோடின் சேர்க்காத உப்பைப் போடலாம். கரண்டிக் கணக்கு உப்பின் பருமனைப் பொறுத்து மாறும் என்பதால் எடை போட்டே எடுக்க வேண்டும். மொத்த அளவையும் மூன்றாகப் பிரித்து, தனியே கரைத்து, ஒன்றரை நாளில் சேர்க்க வேண்டும். உப்பு ஆவியாகாது, நீர் வற்றியதற்கு வெறும் நீரையும், எடுத்து மாற்றிய நீருக்கு மட்டும் அதற்குரிய உப்பையும் சேர்க்க வேண்டும். செடிகளும் கோரிடோராஸ் போன்ற அடித்தள மீன்களும் இந்த அளவைத் தாங்குவது கடினம். அவை இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றுவது நல்லது. டிஸ்கஸ், ராம் போன்ற மென்னீர் மீன்களுக்கு லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கிக் கவனித்து ஏற்றலாம். முழுமையான புழுத் தொல்லைக்கு இந்த அளவு உப்பு போதாது.

செவுள் புழுக்களை எப்படி ஒழிப்பது?

சிக்லிட் வளர்ப்பில் நீண்ட நாள் தீராத உரசலுக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் இவைதான். சிக்லிட்களின் செவுளில் வாழ்வதற்கென்றே அமைந்த சிக்லிடோகைரஸ் என்ற பேரினம் ஒன்று ஆப்பிரிக்க நீர்நிலைகளில் உண்டு. சில புழுக்கள் மீனைக் கொல்லாது; கூட்டம் பெருகும்போதுதான் மூச்சுத் திணறல் வரும்.

இவற்றுக்கு உகந்த மருந்து பிராசிகுவான்டல். மனிதருக்கு வரும் சிஸ்டோசோமியாசிஸ் என்னும் நத்தைவழி நோய்க்கும் இதே மருந்துதான் தரப்படுகிறது. தொட்டிக்குப் பொதுவாகப் பயன்படும் அளவு லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். நீரில் எளிதில் கரையாத பொடி என்பதால் ஒரு பெரிய பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, பரவலாக ஊற்ற வேண்டும். கட்டியாக மிதக்கும் மருந்து வேலை செய்யாது. வடிகட்டியிலிருந்து, மருந்தை உறிஞ்சிவிடும் ஆக்டிவேட்டட் கார்பனை எடுத்துவிட்டு, புற ஊதா விளக்கையும் அணைத்துவைக்க வேண்டும். வடிகட்டியின் நுண்ணுயிர்களுக்கு இது பெரிய கெடுதல் செய்வதில்லை. பிற மருந்துகளோடு ஒப்பிட்டால் சிக்லிட்களுக்கும் மென்மையானது.

ஒரு முறை ஊற்றியதும் உரசல் நின்றுவிடும். இரண்டு வாரத்தில் திரும்பி வரும். முட்டையிடும் புழுக்களின் முட்டைகளை இந்த மருந்து கொல்லாது என்பதே காரணம். அதனால் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில், பாதி நீரை மாற்றிவிட்டு, மூன்று முறையாவது மருந்திட வேண்டும். குட்டி போடும் தோல் புழுவுக்கு முட்டை இல்லாததால் அது விரைவில் அடங்கும். ஆனால் தாயின் வயிற்றிலுள்ள குட்டிக்குள்ளேயே அடுத்த குட்டி உருவாகிக்கொண்டிருப்பதால், ஒன்று தப்பினாலும் பெருக்கம் வேகமாக இருக்கும்.

ஃபார்மலின், மாலகைட் கிரீன், தாமிர மருந்துகள் பற்றி?

இவை வேலை செய்யும், ஆனால் பிழை பொறுக்காத மருந்துகள். ஃபார்மலின் நீரின் ஆக்ஸிஜனைக் குறைக்கும். புட்டியின் அடியில் வெண்மையாகப் படிந்திருந்தால் அது நஞ்சாக மாறியது என்று பொருள், எறிந்துவிட வேண்டும். மாலகைட் கிரீன் கையாள்பவருக்கும் கேடானது. கையுறை அவசியம், உண்ணும் மீன்களுக்கு அறவே கூடாது. தாமிரம் வெல்வெட் நோய்க்கு நன்கு கேட்கும், ஆனால் நத்தையும் இறாலும் சாகும். மென்னீரில் அதன் நச்சு கூடும், கடின நீரில் அது படிந்து பயனற்றுப் போகும். தாமிர அளவைச் சோதிக்கும் கிட் இல்லாமல் தொடக் கூடாது. வெல்வெட் உயிரி ஒளியைக் கொண்டும் உணவு செய்யக்கூடியது என்பதால், சிகிச்சை நாட்களில் விளக்கை அணைத்துத் தொட்டியை மூடி வைப்பது உதவும். எந்த இரண்டு மருந்தையும் சேர்த்து ஊற்ற வேண்டாம்.

மருந்தளவைக் கணக்கிடத் தொட்டியின் கொள்ளளவை எப்படி அறிவது?

நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 120 நீளம், 45 அகலம், 40 உயரம் நீர் என்றால் 216 லிட்டர். மலாவி தொட்டியில் பாறையும் மணலும் அதில் கணிசமான இடத்தைப் பிடித்திருக்கும். அதைக் கழிக்காமல் போட்டால் மருந்து அளவு மீறும். புதிதாக நிரப்பும்போது வாளிகளை எண்ணி எழுதி வைப்பது எல்லாவற்றிலும் துல்லியமான வழி.

வாயில் குஞ்சு வைத்திருக்கும் தாய் மீன் உரசினால்?

முடிந்தவரை காத்திருக்கலாம். மலாவி இனங்கள் பெரும்பாலும் மூன்று வாரம் வாயில் அடைகாக்கும். அந்தக் காலத்தில் தாய் உண்ணாமல் மெலிந்திருக்கும், பதற்றமடைந்தால் குஞ்சுகளைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். நீரைச் சீராக்குவதோடு நிறுத்திக்கொண்டு, குஞ்சுகளை விட்ட பிறகு தாய்க்கு இரண்டு வாரம் நல்ல தீனி கொடுத்து மருந்தைத் தொடங்கலாம். மூச்சுத் திணறல் தெளிவாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. டிஸ்கஸில் கதை வேறு: குஞ்சுகள் பெற்றோரின் உடலிலுள்ள வழுவழுப்பையே முதல் உணவாக உண்பதால், பெற்றோரிடமுள்ள புழு நேரே குஞ்சின் செவுளுக்குப் போகும். இணை முட்டையிடுவதற்கு முன்பே புழுச் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும்.

ஒரு மீன் மட்டும் உரசுகிறது. அதை மட்டும் பிரித்து மருந்து கொடுக்கலாமா?

ஒட்டுண்ணி என்று உறுதியானால் முழுத் தொட்டிக்கும் சிகிச்சை வேண்டும், ஏனெனில் மற்ற மீன்களும் தரையும் அதைச் சுமந்துகொண்டிருக்கும். அடிபட்டு ஒதுங்கியிருக்கும் மீன் மட்டும் உரசினால் பிரிப்பதே சரி. ஆதிக்க மீனின் துரத்தலால் வழுவழுப்புப் படலம் கிழிந்த மீன்தான் முதலில் நோய்க்கு ஆளாகும். தொட்டியின் உள்ளமைப்பை மாற்றிக் கற்களை இடம்பெயர்த்தால் பிரதேசச் சண்டை சில நாட்கள் தணியும்.

பூண்டுச் சாறு, புற ஊதா விளக்கு ஆகியவை பயன்படுமா?

பூண்டு கலந்த உணவைச் சில மீன்கள் விரும்பி உண்ணலாம். தோலிலும் செவுளிலும் உள்ள ஒட்டுண்ணியை அது தீர்க்கும் என்று நம்பி நாளைக் கடத்த வேண்டாம். புற ஊதா விளக்கு தன் வழியே செல்லும் நீரில் நீந்தும் ஒட்டுண்ணிக் குஞ்சுகளைக் கொல்லும், தொற்றின் வேகத்தைக் குறைக்கும்; மீன் மேல் ஏறிவிட்டதை ஒன்றும் செய்யாது.

உரசியதால் செதில் உதிர்ந்து புண்ணாகிவிட்டது. என்ன செய்வது?

சுத்தமான நீரே பெரும்பாலான புண்ணை ஆற்றும். நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றி, புண்ணின் ஓரம் சிவந்து பரவுகிறதா, பஞ்சு போல ஏதாவது படிகிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சு போன்றது பூஞ்சையாகவும் இருக்கலாம், கொலும்னாரிஸ் என்னும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். பின்னது வெப்பத்தில் வேகமாகப் பரவும் என்பதால், அந்தச் சந்தேகம் இருந்தால் வெண்புள்ளிக்காக ஏற்றிய வெப்பத்தை இறக்க வேண்டும். ஆஸ்கர் போன்ற பெரிய மீன்களின் தலையில் குழிகள் விழுவது வேறு நோய். உரசலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும் நிலை வந்தால் மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்பதே முறை.

புதிய மீன் வழியாக இது வராமல் தடுப்பது எப்படி?

புதிய மீனைத் தனித்தொட்டியில் நான்கு வாரம் வைக்க வேண்டும். அதற்கென்று தனி வலை, தனிக் குழாய், நுண்ணுயிர்கள் ஏற்கெனவே வளர்ந்த ஒரு ஸ்பான்ஜ் வடிகட்டி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பூந்தொட்டி ஆகியவை போதும், மணல் வேண்டாம். வாங்கிய பையின் நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வந்த வாரத்தில் மீன் நன்றாக உண்ணத் தொடங்கியதும் பிராசிகுவான்டல் சுற்று ஒன்றை முடித்துவிடுவது, ஏரி சிக்லிட்டுக்கும் டிஸ்கஸுக்கும் நான் பரிந்துரைக்கும் ஒரே முன்னெச்சரிக்கை மருந்து. மற்றவற்றை நோய் தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம். வெண்புள்ளியிலிருந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்பு உண்டாகும். அது நலமாகத் தெரிவதாலேயே தொட்டி சுத்தம் என்று கொள்ள முடியாது. நம்பிக்கை இல்லையென்றால், எல்லா மீன்களையும் சிகிச்சைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, முதன்மைத் தொட்டியை மீனில்லாமல் 28 டிகிரியில் இரண்டு வாரம் ஓட விட்டால் வெண்புள்ளிக் குஞ்சுகள் பட்டினியில் அழியும். அந்த நாட்களில் வடிகட்டியின் நுண்ணுயிர்களுக்குச் சிறிது தீனி போட்டுவர வேண்டும்.

மருந்துச் சுற்று முடிந்த பிறகும் ஒன்றிரண்டு மீன் உரசுகிறது. மீண்டும் மருந்திடலாமா?

உடனே வேண்டாம். பாதிக்கப்பட்ட தோலும் செவுளும் ஆறச் சில வாரம் எடுக்கும், அதுவரை அரிப்பு நீடிக்கும். மருந்தும் தன் பங்குக்கு எரிச்சல் தரும். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி மருந்தை வெளியேற்றிவிட்டு, அம்மோனியாவை மறுபடியும் சோதிக்க வேண்டும், ஏனெனில் சிகிச்சை வடிகட்டியைத் தளர்த்தியிருக்கக் கூடும். உரசல் நாளுக்கு நாள் குறைந்து, மீன் உண்டு, மூச்சு சீராக இருந்தால் பத்து நாள் காத்திருக்கலாம். குறைந்தது மீண்டும் ஏறத் தொடங்கினால், அதுவரை கொடுத்த மருந்தையே திரும்பக் கொடுக்காமல், ஒட்டுண்ணி எது என்பதை நுண்ணோக்கியில் உறுதிசெய்த பிறகே அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.